ஆறு மணிப் பெட்டி

இன்று காலை செடியில் பழுத்த இலையொன்றைக் கிள்ளினேன். பால் வடிந்து விரலெல்லாம் பிசுபிசுத்தது. "கண்ணுல பட்டுடப் போவுது, கையைக் கழுவு" என்று நீங்கள் கத்துவது கேட்டது. உடனே உங்கள் மேல் கோபம்தான் வந்தது. போய்ச் சேர்ந்த புருஷன் மேல் கோபப்படலாமா என்று கேட்காதீர்கள், எனக்கு வருகிறது.

கிறிஸ்துமஸுக்கு வாங்கும் பாயின்செட்டியாவை ஊரே ஜனவரியில் குப்பையில் போடும். நீங்கள் மட்டும் வைத்துக்கொண்டீர்கள். "இந்தச் சிவப்பு பூ இல்ல, இலை. நடுவுல மஞ்சளா குட்டியா இருக்கு பாருங்க, அதான் பூ" என்று வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் நடக்கும். இலை மறுபடி சிவக்க, குளிர்காலத்து நீண்ட இருட்டு வேண்டுமாம். வருஷம் முழுக்கப் பகலும் இரவும் ஒரே அளவாக இருக்கும் இந்த ஊரில் அதற்கு எங்கே போவது? போதாததற்கு நம் செங்காங் அடுக்குமாடி புளோக்கில் தாழ்வார விளக்கு விடியும்வரை எரியும். அதனால் தினமும் மாலை ஆறு மணிக்கு அட்டைப்பெட்டியால் மூட வேண்டும், காலையில் எடுக்க வேண்டும். ஒரு நாளும் தவறக்கூடாது என்றீர்கள்.

பிறகு நீங்கள் படுத்துவிட்டீர்கள். மூடும் வேலை என் தலையில் விழுந்தது. தீபாவளி நெருங்கும் நேரம், சிராங்கூன் சாலை முழுக்க விளக்கு. தேக்கா கடைத்தெருவில் தங்கையோடு புடவை பார்த்துக்கொண்டிருப்பேன், போன் அடிக்கும்.

"மணி அஞ்சரை லா. எங்க இருக்க?"

"ரயில்ல வந்துட்டு இருக்கேங்க" என்று கடைக்குள் நின்றபடியே புளுகுவேன். ஊர் வெளிச்சம் பார்க்கக் கிளம்பும்போது நான் இருட்டு போட வீட்டுக்கு ஓடினேன். ஓடியது செடிக்காகவா உங்களுக்காகவா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அந்த வருஷம் அது சிவப்பதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள்.

இந்த வருஷமும் மூடுகிறேன். நேற்று மகள் பாசிர் ரிஸ்ஸிலிருந்து காரோடு வந்து நின்றாள்.

"தீபாவளி லைட்டப் பார்க்கப் போலாம், கிளம்புங்கம்மா."

"ஆறு மணிக்கு நான் வீட்ல இருக்கணும்டி."

"அப்பாதான் இல்லையே. யாருக்கும்மா இந்த டியூட்டி?"

பெட்டியை எடுத்தேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

இன்று காலை பார்க்கிறேன், உச்சி இலைகள் நன்றாகச் சிவந்திருக்கின்றன. நீங்கள் இருந்திருந்தால் புளோக்கையே கூட்டியிருப்பீர்கள். நன்றாகச் சிவந்துவிட்டால் அப்புறம் மூட வேண்டாம் என்று சொன்னதும் நீங்கள்தான். எப்போது விடுபடுவோம் என்று எத்தனை நாள் புலம்பியிருப்பேன்! ஆனால் சிவப்பைக் கண்டதும் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைக்க மனம் வரவில்லை. இனி எந்த நேரத்துக்கும் நான் வீட்டில் இருக்கத் தேவையில்லை.

மாலை ஆறு மணிக்கு மறுபடியும் மூடிவிட்டேன்.