நாங்கள் பெட்ரோல் வண்டி வாங்கிவிட்டோம்

அன்புள்ள அப்பா,

நாங்கள் பெட்ரோல் வண்டியே வாங்கிவிட்டோம். நீங்கள் போனில் சொன்னதை மறக்கவில்லை: "டீசல்தான் எடுக்கணும். நான் வந்ததும் லீவுக்கு லீவு எல்லாருமா தூரமாப் போகலாம்."

நூலகத்தில் படித்துப் பார்த்தேன். டீசல் வண்டி நெடுந்தூரம் ஓடினால்தான் நல்லது. பக்கத்திலேயே ஓட்டினால் புகை வடிகட்டியில் கரி அடைத்துக்கொள்ளுமாம். எங்கள் தூரமோ பள்ளிக்கூடம், அம்மாவின் ஆய்வகம், காய்கறிக் கடை. போன விடுமுறையிலும் அதற்கு முந்தையதிலும் இவற்றைத் தாண்டி நாங்கள் எங்கும் போகவில்லை.

விற்பனையாளர், "சாரை ஒரு வார்த்தை கேட்டுடலாமே, மேடம்?" என்று இழுத்தார்.

"ஓட்டப்போறது நான். கேக்கறதை என்கிட்ட கேளுங்க," என்றாள் அம்மா. அவள் குரல் நடுங்கவே இல்லை. நான்தான் அவள் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"உங்கப்பா வந்தா கோவிச்சுக்குவாரு," என்று மாமா இன்னும் முணுமுணுக்கிறார். கோபித்துக்கொள்ளட்டும். அதற்காவது வரவேண்டுமே!

அம்மா வண்டியைப் பின்னால் எடுக்கும்போது வாசல் தூணில் லேசாக உரசிவிடுகிறாள். அதனால் நான் முன்னால் உட்கார்ந்து, கண்ணாடியைப் பார்த்து வழி சொல்கிறேன். அந்த இடத்தை இனி யாருக்கும் விடுவதாக இல்லை. நீங்கள் வந்தால் பின்னால் தாராளமாக உட்காரலாம்.

முன் இருக்கையிலிருந்து,
உங்கள் மகள்