நாற்காலியில் வைத்த குடை

பாய்,

நனைந்த கறுப்புத் துணியின் வாடை அறை முழுக்க இருக்கிறது. உங்கள் குடையை விரித்துக் காயவைத்திருக்கிறேன். கைப்பிடியில் உங்கள் அத்தர் வாசம் இன்னும் போகவில்லை. இருபது வருடம் தோல் தரகு செய்தவர் அத்தர் பூசியது நியாயம்தான். அதே இருபது வருடம் தோல் பதனிடும் ஷாப்பில் மேனேஜராக இருந்த நான் எதுவும் பூசிக்கொள்ளவில்லை. நேரம் இல்லை.

"நேரம் இல்லை" என்று உங்களிடம் சொல்லச் செலவான நேரத்தில் ஆம்பூர்த் தோல்காரர் அத்தனை பேரையும் பார்த்து வந்திருக்கலாம்.

வெள்ளிக்கிழமை ஷாப்புகளுக்கு விடுமுறை. ஜும்மா தொழுகை முடிந்ததும் ஆம்பூர் ஸ்டேஷன் எதிரே டீக்கடையில் வியாபாரிகள் கூடுவார்கள். யாருக்கு ஆள் வேண்டும், யாருக்குச் சரக்கு வேண்டும் என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். நீங்கள் இரண்டு நாற்காலி பிடித்து, எனக்கானதில் இந்தக் குடையை வைப்பீர்கள். நானோ ஆளில்லாத ஷாப்பில் சுண்ணாம்புக் குழிகளைச் சுற்றி வந்துகொண்டிருப்பேன். குழிக்கு வெள்ளிக்கிழமை தெரியாது என்பது என் கட்சி.

"தோல் காத்திருக்காது பாய். மனுஷங்க காத்திருப்பாங்க" என்றேன் ஒருமுறை.

"அது செத்த மாட்டுத் தோலு மேனேஜர். அதுக்கு இன்னா அவசரம்? உயிரோட இருக்கறவனைப் பாருங்க."

நல்ல பேச்சாகப் பட்டது. ஓய்வு கிடைக்கும்போது யோசிக்கலாம் என்று எடுத்து வைத்துக்கொண்டேன். டைரியில் வெள்ளிதோறும் 'ஆட்களைப் பார்க்க' என்று எழுதினேன். எழுதியதே பாதி பார்த்த மாதிரி இருந்தது. சனிக்கிழமை அதை அடித்துவிட்டு அடுத்த வெள்ளியில் எழுதுவேன். அந்த ஒரு வேலையை மட்டும் எந்த வாரமும் தவறவிட்டதில்லை.

பிறகு, சரக்கு எடுப்பாரில்லாத அந்தக் கெட்ட வருடம் வந்தது. ஒரு வியாழக்கிழமை நீங்களே ஷாப் வாசலுக்கு வந்தீர்கள். படியேறி வந்தவர் போல மூச்சு வாங்கினீர்கள். எங்கள் வாசலில் படியே கிடையாது. அதைக் கவனிக்கவும் எனக்கு நேரமில்லை.

"நாளைக்கு மட்டும் வந்துடுங்க. பேரணாம்பட்டுலேர்ந்து ஒருத்தர் வர்றாரு. புதுசா ஷாப் போடறாரு. உங்களைப் பார்க்கணும்ங்கறாரு."

"நாளைக்கு நாலாம் குழியைப் பார்த்தே ஆகணும் பாய். அடுத்த வெள்ளி?"

"எப்பப் பாரு இதே பேஜாரு! உங்க முதலாளி இருக்காரே..." என்று தொடங்கியவர், கூலியாட்கள் நிற்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டீர்கள். "சரி, அவரை அடுத்த வெள்ளியும் வரச் சொல்றேன். நீங்க வாங்க, போதும்."

அதற்குள் புதன்கிழமை நீங்கள் போய்விட்டீர்கள். மாரடைப்பு என்றார்கள்.

அன்றைக்கு எனக்கு நேரம் இருந்தது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுத் தோல்காரர்கள் எல்லோரும் கபரஸ்தானில் நின்றார்கள். நீங்கள் இருபது வருடமாக எனக்குக் காட்ட நினைத்தவர்களை ஒரே மாலையில் பார்த்துவிட்டேன். அறிமுகம் செய்யத்தான் ஆளில்லை.

நானே என் பெயரைச் சொன்னேன், ஒருவருக்கும் தெரியவில்லை. எந்த ஷாப் என்றதும் ஒருவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அந்தக் குடை நீங்கதானா?"

அவர்தான் பேரணாம்பட்டுக்காரர். "யாருக்கு பாய் இந்த நாற்காலின்னு வெள்ளிக்கு வெள்ளி கேப்போம். 'நம்ம மேனேஜருக்கு. வேலையா இருக்காரு, அடுத்த வாரம் வந்துடுவாரு'ம்பாரு. ஒரு நாளும் உங்களைக் கம்மியாப் பேசல."

அடுத்த மாதம் எங்கள் முதலாளி ஷாப்பை மூடினார். வாசலில் நீங்கள் விழுங்கிய பேச்சு அதுதான். பேரணாம்பட்டுக்காரர் என்னை மேனேஜராக வைத்துக்கொண்டார். என் வேலையைப் பார்த்தல்ல, உங்கள் நாற்காலியைப் பார்த்து. இருபது வருடம் நான் கவனித்த குழிகளில் ஒன்றுகூட எனக்காக யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை.

குடையை உங்கள் வீட்டிலிருந்து கொடுத்தனுப்பினார்கள். இப்போது வெள்ளிதோறும் பஸ் பிடித்து ஆம்பூர் வருகிறேன். குழிகள் நான் இல்லாமலும் நன்றாகவே இருக்கின்றன. எப்போதும் அப்படித்தான் இருந்திருக்கும்.

இன்று மழையில் கடை நிறைந்துவிட்டது. புதிதாக வந்த ஒருவர், உங்கள் குடை இருந்த பக்கத்து நாற்காலியைக் காட்டி, "யார்னா வர்றாங்களா?" என்றார்.

"வருவாரு. கொஞ்சம் வேலையா இருக்காரு" என்றேன்.

பாவம், அவர் நின்றுகொண்டே டீ குடித்தார்.