அப்பாவின் மூன்று விரல்கள்

சேசு மரி சூசை

சேலம்,
17-9-1961

அன்புள்ள மகன் பாக்கியநாதனுக்கு அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. மாதா தயவில் நானும் உன் தங்கை ரோசியும் சுகம், பிலாயில் உன் சுகத்துக்கு உடனே பதில் போடு. அப்பாவைப் பற்றிச் சுகம் என்று ஒரு சொல்லில் எழுதி முடிக்க முடியவில்லை, அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

மே மாதம் ஜவ்வரிசி ஆலையில் ஓடுகிற பெல்ட்டை நிறுத்தாமல் கையால் தள்ளப்போய், வலது கையில் மூன்று விரலில் தோல் உரிந்து எலும்பு தெரிந்ததை எழுதியிருந்தேன். இங்கே டாக்டர் விரலை எடுத்துவிடலாம் என்றதற்கு அவர் சரியென்று தலையாட்டினார், நான்தான் விடாப்பிடியாக வேலூருக்குக் கொண்டுபோனேன். அங்கே டாக்டர் வயிற்றுத் தோலைக் கிளப்பி, மூன்று விரலையும் அதற்குள் வைத்துத் தைத்து, மூன்று வாரம் கை வயிற்றோடு இருக்கட்டும், தோல் விரலில் பிடித்துக்கொள்ளும் என்றார். அந்த மூன்று வாரமும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஊட்டினால் உப்பில்லை என்பார், தும்மினால் தையல் போச்சு என்பார்.

தோல் நன்றாகப் பிடித்துவிட்டது. வயிற்றிலிருந்து கையைப் பிரித்தும் விட்டார்கள். ஆனால் மூன்று விரலும் ஒரே உறையில் போட்டதுபோல் ஒட்டியிருக்கிறது, அதைத் தனித்தனியாக்க ஆகஸ்டில் இன்னொரு ஆபரேஷனுக்கு வரச் சொன்னார்கள். தொந்தி போட்டால் விரலும் பெருக்கும் என்று டாக்டர் சொன்னதைத் தெருவெல்லாம் சொல்லிச் சிரிக்கிறவர், வேலூர் என்றால் மட்டும் வாயை மூடிக்கொள்கிறார். "இதுவே போதும் மேரி, டம்ளர் புடிக்குது, சிலுவ போட முடியுது" என்கிறார். சட்டைப் பித்தான் போடுவது நான். விரல் மடங்கினால்தான் பழைய வேலை என்று ஆலை மேஸ்திரியும் சொல்லிவிட்டார்.

ஆகஸ்டில் வயிற்றுவலி என்றார். போன செவ்வாய்க்கிழமை ஜங்ஷன் வரை வந்தவர் டீ குடிக்கப் போய், ரயில் போனபிறகுதான் திரும்பினார். அத்தனை பேர் நடுவில் நான் கத்திவிட்டேன். அப்போது பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டு சொல்கிறார், "போன தடவ மயக்கம் தெளியறப்ப நீ எதுக்கால நின்ன. யாரோ பொம்பளன்னு பாத்துக்கிட்டிருந்தேன் மேரி, பேரே வரலை. மறுக்கா அப்படிப் போயி, திரும்பி வராமயே போயிட்டா என்ன பண்றது?" இருபத்தெட்டு வருஷமாகக் குடும்பம் நடத்துகிறேன், அன்றைக்குத்தான் திட்டுவதைப் பாதியில் விட்டு, இன்னொரு டீ வாங்கிக் கொடுத்து வீட்டுக்குக் கூட்டிவந்தேன்.

அன்று சாயங்காலமே ஆஸ்பத்திரிக்குக் கார்டு எழுதினேன். நேற்றுப் பதில் வந்தது. இந்தத் தடவை கை மட்டும் மரத்துப்போக ஊசி போடலாமாம், விழித்தபடியே இருக்கலாமாம். இதை அங்கேயே வாய் திறந்து கேட்டிருந்தால் இத்தனை மாதம் வீணாகியிருக்காது. படித்துக் காட்டினால், முழிச்சிருந்தா அறுக்கறது தெரியுமே என்கிறார். இந்த மனிதரை நான் என்ன செய்ய?

ஆனாலும் வியாழக்கிழமை கிளம்புகிறோம். நீ அவருக்குப் புத்தி சொல்லி எழுதாதே, சாதாரணமாக நலம் விசாரித்து எழுது. மழைக்காலம், தண்ணீரைக் காய்ச்சிக் குடி, ஞாயிறு பூசையை விடாதே. மாதா உன்னைக் காப்பாளாக.

இப்படிக்கு,
உன் அம்மா,
இன்னாசிமேரி.

பி.கு. துவைக்க எடுத்த சட்டையின் பையில் டாக்டருக்கு அவர் எழுதிய கார்டு இருந்தது. ஒட்டிய விரலால் எழுதியதில் எழுத்தெல்லாம் நாலு பக்கமும் கோணிக் கிடக்கிறது. அறுக்கும்போது சம்சாரம் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருக்கலாமா என்று கேட்டிருக்கிறார். நான் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை, தபாலில் போட்டுவிட்டேன்.