இடப்பக்கம் நிறம், வலப்பக்கம் வாசம்

அன்புள்ள சார்,

இன்று காலை மன்னார்குடி ரோட்டில் அரிசி ஆலையைத் தாண்டும்போது, நெல் அவிக்கிற ஆவி வந்து முகத்தில் அடித்தது. நான் ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டிருந்தேன். பின்னால் என் மனைவி, மடியில் காய்கறிப் பை. என்னை அறியாமல் "கோதுமை பீர்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன்.

"என்னது?" என்றாள்.

"ஒண்ணுமில்ல."

"காலங்காத்தால வாய்விட்டுப் பேர் சொல்ற அளவுக்கு முத்திப்போச்சா?" என்றாள். கடைத்தெரு வரும்வரை அதையே நாலு விதமாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். நீங்கள் இருந்திருந்தால் வண்டியை நிறுத்தச் சொல்லி, அவிந்த நெல்லுக்கும் கோதுமை பீருக்கும் என்ன உறவு என்று அவளுக்கு அரைமணி நேரம் விளக்கியிருப்பீர்கள். அவளும் உங்களிடம் என்றால் பொறுமையாகக் கேட்டிருப்பாள். எனக்கு அந்தத் திராணி இல்லை. கடைக்கு வந்து ஷட்டரைப் பாதி மட்டும் தூக்கி வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

எட்டு வருடப் பழக்கத்தில் நாம் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. நீங்களும் சார், நானும் சார். நான் நீடாமங்கலத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். நீங்கள் கீழ்வேளூர்ப் பக்கம் நெல் கொள்முதல் நிலையத்தில் எழுத்தர். குவியலுக்குள் முழங்கை வரை கையைவிட்டு ஒரு பிடி எடுத்து மோந்து பார்ப்பீர்கள். ஒரு மணியைக் கடித்துப் பார்ப்பீர்கள். ஈரம் அளக்கிற மெஷின் அதற்கப்புறம்தான். மெஷின் உங்களோடு ஒத்துப்போகாத நாளில் மெஷினைத்தான் ரிப்பேருக்கு அனுப்புவார்கள் என்று உங்கள் ஊர்க்காரர் ஒருவர் ரயிலில் சொன்னார். அது எவ்வளவு தூரம் உண்மையோ, எனக்கு அதை நம்பப் பிடித்திருந்தது.

நாம் முதலில் பார்த்துக்கொண்ட இடம் உங்களுக்கு மறந்திருக்காது. காரைக்காலில் அந்த உணவகத்து மாடி, ஜன்னலோரம் நாலு மேசை. நான் வெயிலுக்கு ஒரு பீர் குடித்துவிட்டுப் போகலாம் என்று ஏறினேன். உங்கள் மேசையில்தான் இடம் இருந்தது. எல்லை தாண்டிவந்து குடிக்கிற நம் ஊர் ஆட்களின் அவசரம் தெரிந்ததுதானே, பஸ் கிளம்பப்போகிற மாதிரி மடக்மடக்கென்று ஊற்றிக்கொள்வார்கள். நானும் அந்த ரகம்தான். நீங்களோ கிளாஸை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, தியானம் மாதிரி உட்கார்ந்திருந்தீர்கள். சப்ளையர் பதறிக்கொண்டு ஓடிவந்தார்.

"சார், ஏதும் விழுந்து கெடக்கா? மாத்தித் தரட்டுங்களா?"

"ஒண்ணும் விழலைங்க. மோந்து பாக்குறேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பீரைப் போயி யாராவது மோந்து பாப்பாங்களா சார்?" என்றேன்.

"நெல்லை மோந்து பாக்குறோம்ல? இதுவும் தானியந்தானே சார்" என்றீர்கள். முகத்தில் கொஞ்சம்கூடக் கோபம் இல்லை.

பெரிய கம்பெனிச் சரக்கு இல்லை அது. சின்ன ஆலைகளில் கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ச்சி அடைக்கிற பீர். அந்த உணவகத்து முதலாளிக்கு அதில் ஒரு கிறுக்கு. புதுச்சேரியிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வரவழைத்துத் தனி பிரிட்ஜில் வைத்திருந்தார், கேட்கத்தான் ஆள் இல்லை. உங்கள் பாட்டிலிலிருந்து இரண்டு விரல்கடை அளவு என் கிளாஸில் ஊற்றினீர்கள். நான் உடனே தூக்கினேன். கையைப் பிடித்துவிட்டீர்கள். "சில்லுனு குடிச்சா நாக்கு தூங்கிடும் சார். பத்து நிமிஷம் விடுங்க."

பீருக்காக நான் காத்திருந்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. பத்து நிமிடம் கழித்து மோந்து பார்த்தேன்.

"சார், வாழப்பழம்!"

"அதுக்குப் பின்னாடி?"

"பின்னாடி ஒண்ணும் இல்லையே."

"ஆலையில நெல்லு அவியுது பாருங்க. உங்க மூக்கு கண்ணாடி தாங்கத்தான் சார் லாயக்கு!"

கண்ணாடிக் கடைக்காரனைப் பார்த்து அப்படிச் சொல்ல உங்களுக்கு எவ்வளவு தைரியம்! அந்த நிமிடமே எனக்கு உங்களைப் பிடித்துப்போனது.

அதற்கப்புறம் மாதத்தில் இரண்டாவது ஞாயிறு நமக்கானது. நான் நீடாமங்கலத்தில் காரைக்கால் பாசஞ்சரில் ஏறி ஜன்னலோரம் துண்டு போட்டு வைப்பேன். கீழ்வேளூரில் நீங்கள் குடையும் நோட்டுமாக ஏறுவீர்கள். மூன்று பாட்டில், இரண்டு கிளாஸ், அதற்குமேல் கிடையாது. சாயங்கால ரயிலில் திரும்பிவிடுவோம். நோட்டில் இடப்பக்கம் எனக்கு, வலப்பக்கம் உங்களுக்கு. நிறம், நுரை, தெளிவு எல்லாம் நான். வாசமும் ருசியும் நீங்கள். பாட்டிலில் ஒட்டியிருக்கும் காகிதத்தை ஈரத்தோடு உரித்து ஒரு ஓரத்தில் ஒட்டுவோம். எல்லை தாண்டிப் பாட்டில் வரக்கூடாது, நாகூரில் சில நாள் பையைத் திறக்கச் சொல்வார்கள். "பாட்டிலத்தான் புடிப்பாங்க. வாசத்தை யாரு புடிக்கிறது?" என்று நோட்டைத் தட்டிக் காட்டுவீர்கள்.

அந்தக் காகிதங்களில் நாம் கண்ணால் பார்த்திராத ஏதேதோ நாட்டுப் பழங்களின் பெயர் போட்டிருக்கும். நீங்கள் அதைப் படிக்கவே மாட்டீர்கள். கறுப்பு பீருக்கு "ரெண்டாம் டிகாக்‌ஷன், அடிப்பிடிச்ச வெல்லப்பாகு" என்று எழுதினீர்கள். கசப்பு பீருக்கு "நாரத்தை இலையைக் கசக்கினது, கடைசியில் வேப்பம்பூ." புளிப்பும் உப்புமாக ஒன்று வந்ததே, அதைக் குடித்துவிட்டு நான் முகத்தைச் சுளிக்க, நீங்கள் நிதானமாக, "மூணாம் நாள் நீராகாரம் சார். பச்சமிளகா ஒண்ணுதான் கொறச்சல்" என்றீர்கள். சப்ளையர் உள்ளே போய்ப் பச்சைமிளகாயே கொண்டுவந்துவிட்டார். கடித்துக்கொண்டு குடித்தோம். இன்றுவரை நான் குடித்ததில் அதுதான் முதலிடம்.

பிறகு கொரோனா வந்தது. ரயில் நின்றது, காரைக்கால் எட்டாத ஊராகிவிட்டது. உங்களுக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டுப் போன் செய்தேன். "சாதாரணக் காய்ச்சல் சார், போயிடுச்சு" என்றீர்கள். எல்லாம் சரியாகி மறுபடி ரயிலேறினோம். உங்கள் குடை, உங்கள் நோட்டு, எல்லாம் பழையபடிதான். ஆனால் நீங்கள் எழுதியதில் ஏதோ குறைந்தது. கோதுமை பீர் என்றால் "வாழைப்பழம், நெல் ஆவி". கறுப்பு என்றால் "டிகாக்‌ஷன், பாகு". எந்த ஆலை, எந்த வருடம் என்றாலும் அதே வரி. வயதாகிறது, சலிப்பு வந்துவிட்டது போல என்று விட்டுவிட்டேன்.

அப்புறம் அந்த ஞாயிறு. பிரிட்ஜ் பல நாள் நின்றுபோய், வெயிலில் கிடந்த பாட்டில் அது என்று பின்னால்தான் தெரிந்தது. மூடியைத் திறந்ததுமே எனக்கு, என் மூக்குக்கே, ஈரச் சாக்கு வாசம் அடித்தது. மழையில் நனைந்து அடுக்கிவைத்த சாக்கு. நீங்கள் கிளாஸை மூக்குக்கு நேரே பிடித்தீர்கள். கண்ணை மூடினீர்கள். "பிரமாதம் சார். வாழப்பழம். பின்னாடி நெல் ஆவி" என்றீர்கள்.

பத்தடி தூரத்தில் ஈரச் சாக்கைக் கண்டுபிடித்து லாரியைத் திருப்பி அனுப்புகிற மனிதர் சார் நீங்கள்!

என் கடையில் அடிக்கடி நடக்கிற ஒன்று உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். லைசென்ஸுக்காகக் கண் பரிசோதனைக்கு வருகிறவர்களில் சிலர், முன்னால் உட்கார்ந்திருப்பவர் படிப்பதைக் கேட்டு எழுத்துகளை மனப்பாடம் செய்துவிடுவார்கள். பலகையைப் பார்க்காமலே கடகடவென்று ஒப்பிப்பார்கள். தப்பில்லாமல் ஒப்பிக்கும்போதுதான் எனக்குச் சந்தேகமே வரும். அன்று உங்கள் முகத்தில் அதே களை.

நான் கேட்டிருக்கலாம். ஆனால் நீங்கள் எப்போதோ ரயிலில் சொன்னது ஞாபகத்துக்கு வந்தது. "இந்த மூக்கு மட்டும் இல்லன்னா சார், நான் வெறும் கையெழுத்து போடுற ஆளு." கேட்டுவிட்டால் அடுத்த மாதம் கீழ்வேளூரில் நீங்கள் ஏறமாட்டீர்கள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அதனால் என் கிளாஸை எடுத்து, "ஆமா சார், பிரமாதம்" என்று கடைசிச் சொட்டு வரை குடித்தேன். அந்தச் சாக்கு வாசம் மறுநாள் வரை தொண்டையிலேயே நின்றது.

அடுத்த மாதம் ஒரு பொய்யோடு வந்தேன். "சார், எனக்குக் கண்ணு கொஞ்சம் மங்கலாகுது. நிறமெல்லாம் சரியாப் பிடிபடல. இனிமே இடப்பக்கம் நீங்க எழுதுங்க, வாசத்தை நான் பாத்துக்கிறேன்."

நீங்கள் கேலி செய்வீர்கள் என்று எதிர்பார்த்தேன். கண்ணாடிக் கடைக்காரருக்கே கண் தெரியவில்லையா என்று சிரிப்பீர்கள் என்று. நீங்கள் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துவிட்டு, "சரிங்க சார்" என்று நோட்டை வாங்கிக்கொண்டீர்கள்.

வாசத்தைப் பார்த்துக்கொள்கிறேன் என்று வாய் சொல்லிவிட்டது, மூக்கு வேண்டாமா? நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாது. காலையில் அரிசி ஆலை வாசலில் போய் நின்றேன். சமையலறையில் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து மோந்தேன். பெருங்காய டப்பாவோடு பிடிபட்ட அன்று என் மனைவி டாக்டரிடம் கூட்டிப்போகப் பார்த்தாள். காரைக்காலில் நான் திக்கித் திணறி ஏதாவது சொல்வேன். நீங்கள் விடமாட்டீர்கள். "ஈரமா, காஞ்சதா? பச்சையா, வெந்ததா? முழுங்கின பின்னாடி என்ன நிக்குது?" என்று துளைப்பீர்கள். நான் சொல்லச் சொல்ல உங்கள் முகத்தில் அந்த வாசம் ஏறுவதைப் பார்ப்பேன். "ஆங், அதான், அதேதான்" என்பீர்கள். அதைக் கேட்கத்தான் மாதம் பூராவும் மோந்துகொண்டு திரிந்தேன்.

நீங்களும் இடப்பக்கத்தை வெளுத்துக்கட்டினீர்கள். "ஆற்றில் புதுத்தண்ணீர் வந்த மூன்றாம் நாள் கலங்கல்" என்று ஒன்று. "கதிர் முற்றிய சம்பா, மேல்பக்கம் வெயில் பட்டது" என்று இன்னொன்று. இத்தனை வருடம் கண்ணை விற்றுப் பிழைக்கிற எனக்கு அப்படி ஒரு வரி வந்ததில்லை. ஒன்று மட்டும் உறுத்தியது. உங்கள் பொடி எழுத்து திடீரென்று பெரிதாகிவிட்டது. தடித்த பேனாவில், பக்கத்துக்கு ஆறேழு வரிதான். கை நடுங்குகிறது போல என்று நினைத்து அதையும் கேட்காமல் விட்டேன்.

போன தை மாதம், அறுவடை நெல் மலைபோலக் குவிந்து கிடந்த நேரத்தில், குவியலுக்குப் பக்கத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த நீங்கள் எழுந்திருக்கவில்லை. காரியமெல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து உங்கள் வீட்டம்மா என் கடைக்கு வந்தார்கள். துணிப்பையிலிருந்து நோட்டை எடுத்து மேசையில் வைத்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அவர்கள் கேட்டது இதுதான்.

"உங்க கண்ணு இப்ப எப்படிண்ணே இருக்கு?"

அவர்களே சொன்னார்கள். "அந்தக் காய்ச்சலோட அவருக்கு மூக்கு போயிடுச்சுண்ணே. ரசம் பொங்கி அடுப்பு அணைஞ்சு கேஸ் நாத்தம் வந்தாக்கூடத் தெரியாது. உங்ககிட்ட ஒருநாள் சொல்லிடறேன், காரைக்கால் போறத நிறுத்திடறேன்னுதான் இருந்தாரு. அன்னிக்குப் பாத்து நீங்க கண்ணு மங்குதுன்னு சொல்லிட்டீங்களாம். வீட்டுக்கு வந்து சாப்பிடவே இல்ல. கண்ணை வச்சே பொழைக்கிற மனுஷன், இந்த நேரத்துல நானும் நின்னுட்டா என்ன ஆவாருன்னு புலம்பினாரு. உங்களுக்குத் தெரியணும்னுதான் பெருசு பெருசா எழுதுவாரு. ஒரு பேனா தீர்ந்தா அதே மாதிரி தடிப்பா வேணும்னு நாகப்பட்டினம் வரைக்கும் போயி வாங்கிட்டு வருவாரு."

"இப்ப பரவால்லம்மா, நல்லாத் தெரியுது" என்றேன். அவர்கள் கண்ணாடியில் திருகு ஒன்று கழன்றிருந்தது, அதைப் போட்டுக்கொடுத்தேன். மூன்று முறை கீழே விழுந்த பிறகுதான் திருகு உள்ளே போனது.

சார், உங்களை ஏமாற்றுகிறேன் என்று இரண்டு வருடம் எனக்குள்ளே கொஞ்சம் பெருமைகூட இருந்தது. உங்களை நான் கைப்பிடித்துக் கூட்டிப்போகிறேன் என்று நினைத்தேன். நீங்கள் அதே நினைப்போடு என்னைக் கூட்டிப்போயிருக்கிறீர்கள். ஒரு வார்த்தை நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அன்று ராத்திரி நீங்கள் சாப்பிட்டிருப்பீர்கள். அதை நினைத்தால் இப்போதும் வருத்தம்தான். ஆனால் சொல்லியிருந்தால் அந்த இரண்டு வருட ஞாயிறுகள் நமக்குக் கிடைத்திருக்காது. அவற்றில் ஒன்றைக்கூட விட்டுத்தர எனக்கு மனமில்லை.

போன வாரம் தனியாகக் காரைக்கால் போனேன். கீழ்வேளூரில் பழக்கதோஷத்தில் துண்டை நகர்த்தி இடம் விட்டேன். கோதுமை பீர் ஒன்று திறந்து, பத்து நிமிடம் விட்டு, கண்ணை மூடி மோந்தேன். வாழைப்பழம். அதற்குப் பின்னால் நெல் அவிந்துகொண்டிருந்தது. அதற்கும் பின்னால், மிக லேசாக, கொல்லையில் காயப்போட்ட கொத்தமல்லி விதை. கடைசியாகச் சொன்னது உங்களுக்குத் தெரியாதது சார், நானே கண்டுபிடித்தேன். இந்த மூக்கு இனி கண்ணாடி தாங்க மட்டும் இல்லை.

காகிதத்தை உரித்து ஒட்டினேன். இடப்பக்கம் நிறம் எழுதினேன், வலப்பக்கம் வாசம். என் கண்ணில் ஒரு குறையும் இல்லை சார், பலகையின் கடைசி வரி வரை படிக்கிறேன். ஆனாலும் அந்த நோட்டில் இனி நான் எழுதுவதெல்லாம் பெரிய எழுத்தில்தான் இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் சார்