கட்டி வைத்த இடது கை

ஜூன் 3, செவ்வாய்

காலையிலேயே அனல். கரண்ட் ஏழுக்குப் போய் ஒன்பதுக்கு வந்தது. ஜன்னலைத் திறந்தால் எண்ணூர்ப் பக்கத்துப் புகை, சாத்தினால் வேகிறது. அவர் பி.பி. 150/90. மாத்திரை கொடுத்தாச்சு.

அவர் விழுந்து இன்றோடு எண்பத்தேழு நாள். ஹார்பரில் கிரேனை விட்டு இறங்கி வந்து, தண்ணீர் பாட்டிலைத் திறக்கப் போன மனுஷன். மூளையில் இடது பக்கம் ரத்தக்குழாய் அடைப்பு. வலது கை, வலது கால், பேச்சு, மூன்றும் போச்சு.

பேச்சுப் பயிற்சி மேடம் நேற்று சொன்னது, மறக்காமல் இருக்க: போன வழி திறக்காது. மூளை பக்கத்தில் வேறு வழி போட்டுக்கொள்ளும். திரும்பத் திரும்பச் செய்யணும். இலக்கு சின்னதாக இருக்கணும். எழுதி ஒட்டணும். தினமும் செய்கிற வேலை ஒன்றோடு சேர்த்துவிடணும், காபி குடித்ததும், குளித்ததும், இப்படி.

பீரோ கதவில் ஒட்டியாச்சு:
1. வலது கையால் ஸ்பூன்
2. மாடிப்படி பன்னிரண்டும்
3. தீபாவளிக்குள் கிரேன்
4. அமுதா

மூன்றாவது பேராசை. எனக்கே தெரியும். நான்காவது என் பேர். அதை அவர் வாயால் ஒரு தடவை கேட்கணும், அவ்வளவுதான். அதுகூடவா பேராசை?

ஜூன் 5, வியாழன்

மீன் தடைக்காலம் இன்னும் முடியவில்லை. கருவாடு வறுத்தேன், எனக்கு மட்டும். உப்பு அவருக்கு ஆகாது. வாசனை பிடித்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையில் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்த் தின்றேன்.

கெட்ட வார்த்தை மட்டும் சுத்தமாக வருகிறது. ஸ்பூன் விழுந்ததும் ஒன்று சொன்னார், தெருவுக்கே கேட்டிருக்கும். பக்கத்து வீட்டு கஸ்தூரி ஓடி வந்தாள்.

"இன்னாக்கா, அண்ணனுக்குப் பேச்சு வந்துட்ச்சா? எம்மாந் தெளிவா திட்டுது!"

சிரித்தேன். வேறென்ன செய்ய. திட்டு, பாட்டு, எண்ணிக்கை இதெல்லாம் மூளையில் வேறு இடத்தில் இருக்குமாம், அதனால் தப்பித்ததாம். மேடம் சொன்னது. ஒன்று என்று ஆரம்பித்துவிட்டால் மடமடவென்று பத்து வரை சொல்கிறார்.

சாயங்காலம் எனக்கு ஒரு யோசனை. பத்துக்குப் பின்னால் என் பேரைக் கோத்துவிட்டால்? ஓடுகிற ஓட்டத்தில் அதுவும் வந்துவிடும் இல்லையா? முப்பது தடவை சொல்லிக் கொடுத்தேன். எட்டு, ஒன்பது, பத்து, அமுதா. அப்புறம் அவரைச் சொல்லச் சொன்னேன்.

எட்டு. ஒன்பது. பத்து. பதினொண்ணு.

ஜூன் 8, ஞாயிறு

கேஸ் புக் பண்ணணும். வேட்டி நான்கு துவைத்தது.

நல்ல கையை அசையவிடாமல் வைத்தால் கெட்ட கை வேலை கற்றுக்கொள்ளும் என்று வீடியோவில் பார்த்தேன். மேடத்திடம் கேட்டதற்கு, "ஒரு மணி நேரம், அதுவும் என் முன்னாடி" என்றார். ஆஸ்பத்திரிக்குப் போய்வர ஆட்டோ, வரிசை, அரை நாள். வீட்டிலேயே செய்தால் என்ன என்று தோன்றியது. மூன்று நாளாகச் செய்கிறேன். காலைக் காபி முடிந்ததும் இடது கையை நாற்காலிக் கைப்பிடியோடு துண்டால் கட்டு. மதியச் சாப்பாட்டுக்கு அவிழ்ப்பு.

அந்த இடது கை சும்மா இருப்பதில்லை. கட்டாத நேரத்தில் பயிற்சி ஆரம்பித்தாலே உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்து, நெஞ்சுக்கு நேராக இப்படியும் அப்படியும் வீசுகிறது. முதலில் ஈ ஓட்டுகிறார் என்று நினைத்தேன். அப்புறம் சோம்பேறித்தனம் என்று முடிவு கட்டினேன்.

இன்று வலது கட்டைவிரல் அசைந்தது! சத்தியமாக அசைந்தது. நல்லது நடந்ததும் மூளைக்குப் பரிசு தரணுமாம். கடலை மிட்டாய் ஒன்று ஊட்டினேன். கண்ணில் தண்ணீர் வந்தது அவருக்கு. சந்தோஷம்.

ஜூன் 11, புதன்

எழுதக் கை வரவில்லை. ஆனாலும்.

அந்தோணி வந்தார். ஹார்பரில் இவர் கிரேன் மேலே இருந்து ஓட்ட, கீழே நின்று கைச்சைகை கொடுக்கிற சிக்னல்மேன். பதினாலு வருஷம் ஒரே ஷிப்ட். வாக்கிடாக்கி இருந்தாலும் அந்த இரைச்சலில் கைதான் பேச்சு. விருந்தாளி முன்னால் புருஷனைக் கட்டிவைக்க வெட்கமாக இருந்தது, அதனால் துண்டை அவிழ்த்துவிட்டேன். முன்னேற்றத்தைக் காட்டணும் என்று பெருமையோடு பயிற்சி ஆரம்பித்தேன். இடது கை வழக்கம்போல வீசியது.

அந்தோணி டீ டம்ளரோடு அப்படியே நின்றுவிட்டார். வாய்க்குக் கொண்டு போகவில்லை, கீழேயும் வைக்கவில்லை.

"நிறுத்துங்க அண்ணி."

"இன்னாத்துக்கு?"

"அண்ணன் ஸ்டாப் குடுக்கிறாரு."

எனக்குப் புரியவில்லை. அந்தோணிதான் சொன்னார்: "மத்த சைகையெல்லாம் சிக்னல்மேன் ஒருத்தன்தான் குடுக்கணும் அண்ணி. ஸ்டாப் மட்டும் எவன் குடுத்தாலும் நிறுத்தியே ஆவணும். டீ விக்கிறவன் குடுத்தாகூட. இல்லாட்டி ஆளு செத்துப்பூடுவான். எத்தினி நாளா இப்டி குடுத்துகினு கீறாரு?"

துண்டைக் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன், அந்தோணி பார்த்துவிடப் போகிறாரே என்று.

வாய் போன மனுஷனுக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு சொல். அதை நான் கட்டிவைத்தேன். ஆறு நாள். மிட்டாய் வேறு ஊட்டினேன். பாவி நான்.

ஜூன் 12, வியாழன்

பயிற்சி இல்லை. மேடத்துக்குப் போன் பண்ணி எல்லாம் சொன்னேன். திட்டவில்லை. "அவர்கிட்ட கேட்டீங்களா, அவருக்கு என்ன இலக்குன்னு?" என்றார். கேட்கவில்லை. பேசாதவரிடம் எப்படிக் கேட்பது என்று இருந்துவிட்டேன்.

பீரோ பக்கத்தில் நாற்காலியைப் போட்டு ஒவ்வொன்றாகப் படித்தேன். "வேணான்னா கையக் காட்டுய்யா."

ஸ்பூன். கை எழவில்லை. சரி.
மாடிப்படி. எழவில்லை.
கிரேன். உடனே ஸ்டாப். பேனாவால் அடித்தேன். அவர் முகத்தைப் பார்க்கவில்லை.
அமுதா.

ரொம்ப நேரம் என்னையே பார்த்தார். வாய் திறந்தது, மூடியது. அப்புறம் கை வந்தது. மெதுவாக. மறுபடி கேட்டேன். மறுபடி ஸ்டாப்.

என் பேர் வேண்டாமா உனக்கு? சத்தமாகவே கேட்டுவிட்டேன். இருபத்தியோரு வருஷம் கூப்பிட்ட பேர்தானே? அவர் அழவில்லை. நான்தான்.

தினம் நூறு தடவை முயன்று தினம் நூறு தடவை தோற்றிருக்கிறார், நான் எதிரே உட்கார்ந்து வாயைப் பார்த்துக்கொண்டு இருக்கும்போது. இது எழுதும்போதுதான் தோன்றுகிறது. அடித்தேன் அதையும்.

"பின்ன உனக்கு இன்னாதான்யா வேணும்?" கதவுக்குப் பின்னால் ஆணியைக் காட்டினார். என் துணி எக்ஸ்போர்ட் கம்பெனி அடையாள அட்டை, மார்ச்சில் அவர் விழுந்ததிலிருந்து தொங்குகிறது. "வேலைக்குப் போவட்டா?" கை எழவில்லை. "உன்ன வுட்டுட்டா?" எழவில்லை.

ராத்திரி முழுக்க கோபம். என்னை அனுப்பிவிட்டால் நிம்மதி போல.

ஜூன் 16, திங்கள்

நேற்று கொஞ்சம் தூறல். இன்றிலிருந்து வேலைக்குப் போகிறேன். கஸ்தூரி ஐந்து மணி வரை பார்த்துக்கொள்கிறாள். மதிய மாத்திரை, மோர், கழிப்பறை எல்லாம் எழுதிக் கொடுத்தேன். கிளம்பும்போது அவர் திரும்பிப் படுத்திருந்தார். கூப்பிடவில்லை நான்.

செக்கிங் செக்‌ஷனில் காலை வைத்ததும் ஒருத்தி கத்தினாள், "ஏய், அமுதா வந்துட்டாடி!" அப்புறம் ஆளாளுக்கு. அமுதா. அமுதாக்கா. சூப்பர்வைசர், "அமுதா, நாலாம் டேபிளு." டீ கொண்டு வந்தவள்கூட. எத்தனை குரல். ஒன்றுகூட அவர் குரல் இல்லை.

பாத்ரூமில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வெளியே கதவைத் தட்டி யாரோ ஒருத்தி மறுபடி பேர் சொல்லிக் கூப்பிட்டாள். "தோ வர்றேன்" என்றேன்.