அத்தானின் தாடி

என் அன்புக்குரிய தாடிக்கார அத்தான்,

இப்படிக் கூப்பிட்டால் சிரிப்பீர்கள். இப்போது அந்தப் பெயரை எழுதவே கை கூசுகிறது. நீங்கள் கண்மூடிய மறுநாள், உங்கள் உடலைக் கொடுத்திருந்த மலர்ச்சாலையில் நடந்ததை நான்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். அக்கா தன் புருஷனிடம் அதைச் சொல்ல மாட்டாள்.

"தலைமுடியிலும் தாடியிலும் கை வைக்க வேண்டாம்" என்று கந்தோர் மேசையில் இருந்தவரிடம் சிங்களத்தில் திருப்பித் திருப்பிச் சொன்னேன். சரி ஐயா, சரி என்று "ஹரி மாத்தயா, ஹரி" என்றார். உள்ளே உங்களைக் கழுவி உடுத்தியவருக்கு அந்தச் சொல் போய்ச் சேரவில்லை. எல்லாருக்கும் செய்வதை உங்களுக்கும் செய்துவிட்டார். துணியை விலக்கினால் மழுமழுவென்று சவரம் செய்த முகம், ஒட்ட வெட்டிய தலை. யாரோ ஓய்வுபெற்ற கந்தோர் லிகிதர் படுத்திருப்பது போல இருந்தது. வடிவாக்கியிருக்கிறேன் என்று அந்த மனிதர் சந்தோஷமாக வேறு சொன்னார். யாரிடம் போய்க் கத்துவது?

அந்தத் தாடிக்கு நீங்கள் பட்டது கொஞ்சமா? எண்பத்து நாலில் டில்லியில் சீக்கியர்களைத் தேடித் தேடி எரித்தபோது, உங்கள் அண்ணன் தன் முடியைத் தானே வெட்டி உயிர் தப்பினார். அதன் பிறகு அவர் யாரையும் நிமிர்ந்து பார்த்துப் பேசியதில்லை என்பீர்கள். நீங்கள் புறக்கோட்டைக்கு மோட்டார் சாமான் விற்க வந்து, வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு மாப்பிள்ளை ஆனீர்கள். இங்கேயாவது விட்டார்களா? ஈஸ்டர் ஞாயிறு தேவாலயங்களில் குண்டு வெடித்த பிறகு, கொட்டாஞ்சேனையில் உங்களை பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். முஸ்லிம் என்று நினைத்தார்களாம். முஸ்லிம் என்றால் மட்டும் இறக்கலாமா என்று அங்கேயே கேட்டு, சட்டை கிழிந்து வீடு வந்தீர்கள்.

அன்று அக்கா அழுதாள். "முடிதானே, பிறகு வளரும். நீங்கள் இருந்தால் காணும். வெட்டுங்கோவன்."

"இது கடவுள் தந்தது. அவர் கேட்டால் குடுப்பன்" என்றீர்கள், உங்கள் பஞ்சாபித் தமிழில்.

அவர் கேட்டாரா, அத்தான்?

மலர்ச்சாலைக்கு அக்கா வந்தாள். உங்கள் முகத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு பையிலிருந்து உங்கள் நீலத் துணியை எடுத்து, "மற்ற நுனியைப் பிடி" என்றாள். தினமும் காலையில் நீங்கள் தலைப்பாகை மடிக்கும்போது எதிரே நின்று நுனி பிடித்தவள் அவள். அன்று அவளே கட்டினாள். சரிவராமல் அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினாள். கூட்டி ஒதுக்கியிருந்த முடியை நான் பொறுக்கி, சட்டைப் பையிலிருந்த லேஞ்சியில் முடிந்து உங்கள் நெஞ்சில் வைத்தேன். எனக்குத் தெரிந்த மரியாதை அவ்வளவுதான்.

செத்தவீட்டுக்கு வந்தவர்கள் என்னைத்தான் பிடித்தார்கள். "அவரும் சைவம் மாதிரித்தானே?" இல்லை, தனிச் சமயம் என்றேன். ஐந்நூறு வருடங்களுக்கு முன் பஞ்சாபில் குரு நானக் தொடக்கியது. கடவுள் ஒருவர், உருவமில்லாதவர். சாதி கிடையாது. உழைத்துச் சாப்பிடு, பகிர்ந்து கொடு, அவன் பெயரை மறக்காதே. பத்துக் குருமார். பத்தாவது குரு, தனக்குப் பின் மனிதர் யாரும் குரு இல்லை, வேதநூலே குரு என்றுவிட்டார். அவர்களுடைய கோயிலில் முதலாளியும் கூலியும் ஒரே வரிசையில் தரையில் இருந்துதான் சாப்பிட வேண்டும். அந்தப் பத்தாவது குருவின் வழியில் தீட்சை பெற்றவர்களுக்கு வெட்டாத முடி, சீப்பு, இரும்புக் காப்பு, கச்சை, சிறு வாள் என்று ஐந்து அடையாளங்கள். முடி என்றபோது என் கண் பெட்டிப் பக்கம் போனது. பிழையாகச் சொல்லியிருந்தால் மன்னியுங்கள்.

பெட்டி மூடும் நேரம் சின்னம்மா ஈரத்துணியோடு வந்தா. எங்கள் அம்மாவின் தங்கை, கெட்ட மனுஷி இல்லை. "பிள்ளை, நெத்தியைக் காட்டு. பொட்டு அழிக்கிறது எங்கட வழக்கம்" என்றா. அக்கா முகத்தை நிமிர்த்தினாள். எனக்கு எங்கிருந்து கோபம் வந்ததோ, சின்னம்மாவின் கையைப் பிடித்துவிட்டேன்.

"சின்னம்மா, அவரின்ரை ஒன்பதாவது குரு ஏன் செத்தவர் தெரியுமோ? தன்ரை ஆக்களுக்காக இல்லை. எங்களைப் போலச் சாமி கும்பிடுற ஆக்கள் நெத்தியிலை திலகம் வைக்க வேணும் எண்டு மதம் மாறச் சொன்ன பாதுஷாவிட்டை டில்லியிலை தலையைக் குடுத்தவர்."

"அது அவையின்ரை கதை. சனம் என்ன சொல்லும்?"

"சனம் சொல்லட்டும். இந்த வீட்டிலை ஒரு ஆளிட்டைக் கேக்காமல் முடியை எடுத்தது காணும். அக்காவைக் கேளுங்கோ."

அக்கா உங்கள் மொட்டை முகத்தைப் பார்த்தாள்.

"வேண்டாம், சின்னம்மா" என்றாள்.

சாம்பலைக் களனி ஆற்றில் விட்டோம். உங்கள் வழக்கப்படி நினைவுக் கல் எதுவும் வைக்கவில்லை. அக்கா பொட்டோடுதான் மார்க்கெட்டுக்குப் போகிறாள். போன கிழமை பக்கத்து ஃபிளாட்டில் கல்யாணம், எங்களுக்குச் சொல்லவில்லை. அன்று முழுக்க அவள் சாப்பிடவில்லை, பொட்டை அழித்துவிடட்டா என்று என்னிடம் கேட்டாள். உன் நெற்றி, உன் விருப்பம் என்றேன். இன்று காலை பார்த்தேன், வைத்திருந்தாள்.

நாளைக்கு அவளே அழித்தாலும் அழிக்கட்டும், அத்தான். ஆனால் நான் உயிரோடு இருக்கும்வரை வேறொருவர் கை அந்த நெற்றியில் படாது.

உங்கள் முகத்தைக் காக்க முடியாமற்போன,
உங்கள் மச்சான்