இடுப்பெலும்புக்குப் பின்னால்

காக்கா,

இன்று பின்னேரம் ஆணியைச் சூடாக்கி நீங்கள் விட்டுச்சென்ற பெல்ட்டில் என் இடுப்பளவுக்குப் புதிதாக ஒரு துளை போட்டேன். நைலான் கருகும் நாற்றம் வந்ததுமே அபுதாபி ருவைஸில் உங்கள் கடை ஞாபகத்துக்கு வந்துவிட்டது. எண்ணெய் பிளாண்ட் ஆட்களுக்கு பூட்ஸும் கையுறையும் விற்கும் கடை. மூலையில் அந்தத் தையல் மெஷின். உங்கள் கீழக்கரையில் அண்ணனைக் காக்கா என்பார்கள் என்று, யாழ்ப்பாணத்துக்காரி நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகினேன்.

இருவரும் ஒரே நாளில்தான் சுடும் கிளப்பில் சேர்ந்தோம். ஓடி, திரும்பி, நேரத்துக்குள் அட்டை இலக்குகளைச் சுடும் விளையாட்டு. ஒரே வாடகைத் துப்பாக்கியை மாறி மாறி எடுத்தோம். போட்டி பெல்ட்டின் விலையைக் கேட்டு நீங்கள் வாய்விட்டே சிரித்தீர்கள். மறுவாரம் சேஃப்டி பெல்ட் வாரை மடித்து ஆளுக்கொன்று தைத்துவிட்டீர்கள். என்னுடையதைப் புதிதாகச் சேர்ந்த ஒரு நர்ஸுக்குக் கொடுத்துவிட்டேன், கோபிக்காதீர்கள்.

நம்முடையது சாதாரணப் பிரிவு. துப்பாக்கி கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்க வேண்டும். குறிபார்க்க ரெட் டாட், அந்தச் சிவப்புப் புள்ளிக் கண்ணாடி, பூட்டக் கூடாது. பெல்ட்டில் மாட்டும் மேகசின் பைகள், குண்டு நிரப்பியவை, இடுப்பெலும்புக்குப் பின்னால் இருக்க வேண்டும். கடைசிப் போட்டியில் நடுவர் உங்கள் இடுப்பில் கை வைத்துப் பார்த்தார். பை எலும்பைத் தாண்டி முன்னால் வந்திருந்தது. விதிப்படி உங்களைத் திறந்த பிரிவுக்கு மாற்றினார்கள். எதைப் பூட்டினாலும் கேட்காத பிரிவு. வீட்டில் தைத்த பெல்ட், வழுக்கிவிட்டது, இவர் ஏமாற்றவில்லை என்று நான் நடுவரோடு மல்லுக்கு நின்றேன்.

"விடு தங்கச்சி. இந்த ரூல் இல்லாட்டி நம்மள மாதிரி ஆளுங்க வாசலத் தாண்டியே வந்திருக்க மாட்டோம்."

அந்த விலையுயர்ந்த துப்பாக்கிகளுக்கு நடுவே கடைசி இலக்குவரை சுட்டு, கடைசியாக வந்தீர்கள். பெல்ட் ஏன் வழுக்கியது என்று நான் யோசிக்கவேயில்லை. நீங்கள் மெலிந்துகொண்டிருந்தீர்கள் காக்கா. வாராவாரம் பக்கத்தில் நின்றும் எனக்குத் தெரியவில்லை. லீவில் ஊருக்குப் போனீர்கள், நீங்கள் இறந்த செய்திதான் திரும்பி வந்தது. அதற்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

இப்போது கிளப்பில் சாதாரணப் பிரிவுக்கும் ரெட் டாட்டை அனுமதிக்கப் போகிறார்களாம். விரும்பியவர்களுக்கு மட்டும்தானே என்கிறார்கள். வாங்க முடிந்தவர் வெல்வார், வாடகைத் துப்பாக்கிக்காரர் இரண்டு போட்டியோடு வருவதை நிறுத்துவார். கிளப் நிர்வாகக் குழுவில் ஒருவர் தன் பழைய துப்பாக்கியை, ரெட் டாட்டோடு, எனக்கு இரவல் தருவதாகச் சொன்னார். ஆசை வந்தது, மறைக்க மாட்டேன்.

"வேண்டாம். நர்ஸ் பிள்ளைக்கு ஆர் இரவல் குடுப்பினம்?" என்று கேட்டேன். அவர் தமிழர்தான், விளங்கியது.

சனிக்கிழமை இதை முடிவு செய்யக் கூட்டம். ரெட் டாட் வேண்டாம் என்று வாடகைத் துப்பாக்கியில் சுடும் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிவிட்டேன். முதலில் எழுந்து பேசப்போவது நான்தான். அன்றே போட்டியும் இருக்கிறது. உங்கள் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு அறைக்குள் ஓடியும் குனிந்தும் பார்த்துவிட்டேன். பை எலும்புக்குப் பின்னாலேயே நிற்கிறது, காக்கா.